போச்சம்பள்ளி மாந்தோப்பு: பூ நிறைய வருகிறது, பிஞ்சு நிற்கவில்லை. மரத்தை வெட்டுவதா, மருந்து ஊற்றுவதா?

கேள்வி: தோப்புவழி

எல்லோருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம், போச்சம்பள்ளி வட்டம், சந்தூர் பக்கம் 3 ஏக்கர் செம்மண் தோப்பு. 30 அடிக்கு 30 அடி நடவு, மொத்தம் 140 மரம். 90 பெங்களூரா, 35 நீலம், மீதி அல்போன்சா. வயது 25க்கு மேல். ஒன்பது வருடம் குத்தகையில் இருந்தது, இந்த ஆடியில் கைக்கு வந்திருக்கிறது. கடைசி ஐந்து வருடமும் பூக்க வைக்கும் மருந்தை வேரில் ஊற்றியிருக்கிறார்கள். எவ்வளவு என்று கணக்கு இல்லை.

இப்போதைய நிலை: புதுக்கிளை ஒரு சாண் கூட நீளவில்லை, நுனியில் இலைகள் கொத்தாக நெருங்கி நிற்கின்றன. தை மாதம் மரம் முழுக்கப் பூ வந்தது, ஆனால் பூங்கொத்து கைப்பிடி அளவுதான். கடுகுப் பிஞ்சிலேயே பெரும்பகுதி கொட்டிவிட்டது. இலையெல்லாம் பிசுபிசுப்பு, மேலே கரி பூசியது போல் கறுப்பு. மரத்துக்கு மரம் கிளை மோதி, நடுப்பகலிலும் அடியில் நிழல். போர் தண்ணீர் குறைவு, சொட்டுநீர் இல்லை.

ஊரில் பாதிப்பேர் அஞ்சடி உயரத்தில் எல்லாக் கிளையையும் வெட்டச் சொல்கிறார்கள். மீதிப்பேர் இந்த வருடமும் மருந்து ஊற்றினால்தான் பூக்கும் என்கிறார்கள். எதைச் செய்வது?

பதில் 1: செம்மண்

இரண்டுமே வேண்டாம்.

நீங்கள் சொல்லும் குட்டைக் கிளை, கொத்து இலை, சுருங்கிய பூங்கொத்து மூன்றும் பேக்லோபியூட்ரசால், அதாவது குத்தகைக்காரர் வேரில் ஊற்றிய பூ மருந்து, அளவுக்கு மீறிப் போனதன் அடையாளம். அந்த மருந்து மரத்தில் ஜிப்ரெலின் என்ற வளர்ச்சி ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கிறது. ஜிப்ரெலின் குறைந்தால் கிளை நீள்வது நிற்கும், மொட்டு பூவாக மாறும். குத்தகைக்காரருக்கு வேண்டியது பூ மட்டும்தான். ஆனால் பிஞ்சை வளர்க்க இலை வேண்டும், இலைக்குப் புதுக்கிளை வேண்டும். வருடா வருடம் கிளையை நிறுத்திப் பூவை மட்டும் கேட்டால், மரம் சேமிப்பைத் தின்றுதான் பூக்கும். அது மண்ணில் சீக்கிரம் சிதையாத மருந்து என்பதையும் மறக்காதீர்கள். முதல் வருடம் ஊற்றியதன் மிச்சத்தோடு இரண்டாம் வருடத்தது சேரும், அப்படியே ஏறிக்கொண்டே போகும்.

சரியான அளவு என்று ஒன்று உண்டு. மரத்தின் குடை (கிளைகள் பரவிய பரப்பு) விட்டம் ஒரு மீட்டருக்கு 3 மி.லி. (23 சதவீதக் கரைசல்). 8 மீட்டர் குடைக்கு 24 மி.லி. அதை 5 லிட்டர் தண்ணீரில் கலந்து, குடைக்குள் சுற்றிலும் ஒரு சாண் ஆழச் சிறு குழிகள் போட்டு, ஈரமண்ணில் பிரித்து ஊற்ற வேண்டும். அதுவும் உரமிட்டுத் தழைத்து நிற்கும் மரத்துக்குத்தான். உங்கள் மரத்துக்கு இன்னும் மூன்று வருடமாவது தொடவே கூடாது என்பேன். மேலும் பெங்களூராவும் நீலமும் வருடம் தவறாமல் காய்க்கும் ரகங்கள். ஒரு வருடம் விட்டுக் காய்க்கிற குணம் அல்போன்சாவுக்குத்தான். இந்த இரண்டுக்கும் போய் பூ மருந்து ஊற்றுவதில் எனக்கு உடன்பாடே கிடையாது.

உர விஷயம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி 6 வயதுக்கு மேற்பட்ட மரத்துக்கு வருடத்துக்குத் தொழு உரம் 50 கிலோ, தழைச்சத்து 1 கிலோ, மணிச்சத்து 1 கிலோ, சாம்பல்சத்து 1.5 கிலோ. கடைக்கணக்கில் யூரியா 2 கிலோ 170 கிராம், சூப்பர் பாஸ்பேட் 6 கிலோ 250 கிராம், பொட்டாஷ் இரண்டரை கிலோ. 140 மரத்துக்குப் பெரிய செலவுதான். முழுதும் முடியாவிட்டால் எருவையும் பொட்டாஷையும் குறைக்காதீர்கள்.

அடிமரத்தை ஒட்டிக் கொட்டுவது வீண். 25 வயது மரத்தின் உறிஞ்சும் வேர் குடையின் ஓரத்தை நோக்கி இருக்கும். தண்டிலிருந்து 5, 6 அடி தள்ளி, குடை ஓரம் வரை ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்தி, உரம் போட்டு மூடி, மேலே மழை விழ வேண்டும். ஆழமாக உழவு ஓட்டினால் அந்த வேரெல்லாம் அறுந்துவிடும், கவனம்.

பதில் 2: ஒட்டுக்கன்று

செம்மண் ஐயா சொன்னதோடு கவாத்தையும் (வேண்டாத கிளைகளை வெட்டித் திருத்துவது) சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அஞ்சடியில் தலை வெட்டுவது இந்த மரங்களுக்கு ஆகாது. மருந்து மண்ணில் இருக்கும்வரை வெட்டிய இடத்தில் வரும் துளிரும் குட்டையாகத்தான் வரும். அதோடு நிழலிலேயே இருந்த பட்டையில் திடீரென வெயில் பட்டால் வெடிக்கும், வெடிப்பில் தண்டு துளைப்பான் முட்டை வைக்கும். நல்ல மரமாக இருந்தாலும் தலை வெட்டுக்குப் பிறகு காய்ப்புக்கு வர 2, 3 வருடம் பிடிக்கும்.

செய்ய வேண்டியது இது. முதலில் காய்ந்தது, நோய் பட்டது, ஒன்றோடொன்று உரசுவது, தரையைத் தொடுவது எல்லாவற்றையும் எடுங்கள். பிறகு மரத்தின் நடுவில் நேர்க்குத்தாக மேலே போகும் கிளைகளில் ஒன்று, அதிகம் போனால் இரண்டு, அவற்றை அடியோடு எடுங்கள். நடுவே வெயில் இறங்குவதுதான் குறி. நண்பகலில் மரத்தடியில் நின்றால் தரையில் வெயில் திட்டுத்திட்டாகத் தெரிய வேண்டும். இரண்டு மரங்களின் குடைக்கு நடுவே 3, 4 அடி இடைவெளி வருமாறு பக்கக் கிளைகளை உள்வாங்குங்கள். ஒரே வருடத்தில் மொத்தத் தழையில் கால் பங்குக்கு மேல் போகக்கூடாது. மீதி அடுத்த ஆடியில்.

கனமான கிளையை மேலிருந்து ஒரே மூச்சில் அறுத்தால் பாதியில் முறிந்து, பட்டையை உரித்துக்கொண்டு விழும். தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையைக் கீழே இறக்குங்கள். மிஞ்சும் கட்டையைக் கிளை பிரியும் மேட்டை ஒட்டி, தண்ணீர் வழியும்படி சாய்வாக அறுங்கள்.

அன்றே வெட்டிய இடத்தில் போர்டோ பசை பூச வேண்டும். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். தனித்தனியே பிளாஸ்டிக் வாளியில் கரைத்துப் பிறகு சேர்க்கவும், இரும்புப் பாத்திரம் கூடாது. பளபளப்பான கத்தியை முக்கிப் பாருங்கள். செம்பு நிறத்தில் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். கலந்த அன்றே தீர்த்துவிட வேண்டும்.

நாள் முக்கியம். அறுவடைக்குப் பின் வரும் துளிர் நான்கைந்து மாதம் முற்றினால்தான் மார்கழி, தையில் பூக்கும். ஆடிக்குள் கவாத்து முடிந்தால் அந்தத் துளிர் தேறும். புரட்டாசி, ஐப்பசியில் வெட்டினால் வடகிழக்கு மழையோடு இளந்துளிர் வரும், தையில் அது வெறும் இலையாகவே நிற்கும். ஆடி முடியப்போகிறது, 140 மரத்தையும் அவசரமாக வெட்ட வேண்டாம். மிகவும் நெருக்கமான 40, 50 மரம் மட்டும் இந்த முறை போதும்.

உரத்தில் ஒரு சின்ன மாறுபாடு. பல்கலைக்கழக அட்டவணை எல்லாவற்றையும் செப்டம்பர், அக்டோபரில் போடச் சொல்கிறது. மழை பிடித்துக்கொண்டால் யூரியா முழுவதும் பிந்திய துளிருக்குப் போய்விடும் என்பதால் யூரியாவில் பாதியைக் கவாத்து முடிந்த கையோடு, ஈரம் இருக்கும்போதே கொடுப்பது நம் பக்கத்துக்குப் பொருந்தும். எரு, சூப்பர், பொட்டாஷ் புரட்டாசியில் போடலாம்.

தோப்புவழி

நன்றி ஐயா, அண்ணா. ஒரு சந்தேகம். சுருங்கிய பூங்கொத்து மருந்தால் வந்ததுதானா, நோயாக இருக்காதா? முட்டைக்கோஸ் போல ஆகும் நோய் ஒன்று உண்டு என்கிறார்கள்.

செம்மண்

நல்ல கேள்வி. அது பூங்கொத்து உருக்குலைவு, ஃபியூசேரியம் பூஞ்சாணத்தால் வருவது. வட இந்தியாவில் அதிகம், நம் பக்கம் குறைவு. பார்த்தாலே பிரித்துவிடலாம். மருந்தால் சுருங்கிய கொத்தில் பூ வழக்கம்போல் விரியும், காம்புதான் குட்டை, தோப்பு முழுக்க ஒரே மாதிரி இருக்கும். நோய்க்கொத்து தடித்துப் பச்சையாக உருண்டு நிற்கும், காய் பிடிக்காது, மற்றவை உதிர்ந்த பின்னும் மாதக்கணக்கில் மரத்திலேயே கறுத்துத் தொங்கும். ஒரே மரத்தில் சில கிளைகளில் மட்டும் வரும். அப்படி இருந்தால் கொத்துக்குக் கீழே ஓர் அடி சேர்த்து வெட்டி எரித்துவிடுங்கள். நீங்கள் சொல்லும் அடையாளம் மருந்துதான்.

பதில் 3: பூங்கொத்து

பிஞ்சு கொட்டியதற்கு மருந்து மட்டும் காரணமில்லை. பிசுபிசுப்பும் கரியும் தத்துப்பூச்சியைக் காட்டுகின்றன. பூங்காம்பில் சாறு குடித்து, தேன் போன்ற கழிவை விடும். அதன்மேல் கரும்பூசணம் படரும். பூக்காலத்தில் கிளையைத் தட்டினால் தூறல் விழுவது போலச் சத்தம் கேட்கும், அவ்வளவு பூச்சி இருக்கும். மற்ற மாதங்களில் அடிமரப் பட்டை வெடிப்பில் ஒளிந்திருக்கும். நெருக்கமும் நிழலும்தான் அதற்குச் சொர்க்கம். கவாத்தே பாதி வைத்தியம்.

தெளிப்பு இரண்டே முறை, நாள் தவறாமல். பூங்கொத்து நான்கு விரல்கடை நீண்டு, பூ விரியாமல் இருக்கும்போது முதல் தெளிப்பு: இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். லிட்டருக்கு 0.3 மி.லி., 200 லிட்டர் டிரம்முக்கு 60 மி.லி. கூடவே சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், டிரம்முக்கு 400 கிராம். பெரிய மரத்துக்கு 10 முதல் 15 லிட்டர் ஆகும், பவர் ஸ்பிரேயர் இல்லாமல் உச்சி நனையாது. அடிமரத்தையும் கவட்டையையும் நனையுங்கள். பலர் விடுவது அதைத்தான்.

பூ விரிந்திருக்கும்போது எதுவும் தெளிக்கக் கூடாது. மாம்பூவுக்கு மகரந்தம் சேர்ப்பவை ஈக்களும் தேனீக்களும். அவை செத்தால் பூச்சியில்லாத, காயும் இல்லாத மரம்தான் மிஞ்சும்.

கடுகு, பட்டாணி அளவில் இரண்டாவது தெளிப்பு. இங்கே நிறையப்பேர் தயமீத்தாக்சம் வாங்கி ‘மருந்தை மாற்றிவிட்டோம்’ என்று நினைக்கிறார்கள். அதுவும் இமிடாகுளோபிரிட் வகையே, மாற்றமே இல்லை. புப்ரோபெசின் 25 எஸ்.சி. லிட்டருக்கு 1 முதல் 2 மி.லி. என்றால் இளம்பூச்சி தோலுரிக்க முடியாமல் சாகும், வகையும் வேறு. பைரெத்ராய்டு வகைப் பூச்சிமருந்து அடித்தால் பூச்சி அன்றைக்கு மடிந்து விழும், ஆனால் நன்மை செய்யும் பூச்சிகளும் போய், தத்துப்பூச்சி மறுபடி பெருகும். கந்தகம் அடித்த இரண்டு வாரத்துக்குள் வேப்பெண்ணெய் அடிக்காதீர்கள், இலை கருகும். கந்தகத்தைக் கொதிக்கும் வெயிலிலும் அடிக்கக் கூடாது.

ஊட்டத்துக்கு, ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா மேங்கோ ஸ்பெஷல் லிட்டருக்கு 5 கிராம், பூப்பதற்கு இரண்டு மாதம் முன்பும் பிஞ்சு கோலி அளவிலும். 15 லிட்டர் டேங்குக்கு 75 கிராம், இரண்டு எலுமிச்சைச் சாறு, ஒரு ஷாம்பூ பாக்கெட். கடுகுப் பிஞ்சில் பொட்டாசியம் நைட்ரேட் 2 சதவீதம், அதாவது லிட்டருக்கு 20 கிராம், பிஞ்சு நிற்க உதவும். பிப்ரவரி வரை பூக்காத மரத்துக்கு அதையே லிட்டருக்கு 10 கிராம் கொடுக்கலாம். கிளை முற்றியிருந்தால்தான் பூ, இளங்கிளையில் அடித்தால் துளிர்தான் வரும்.

தண்ணீர்: கார்த்திகை முதல் பிஞ்சு பிடிக்கும்வரை ஒரு சொட்டும் விடாதீர்கள், மண் அப்படிக் காய்வதுதான் மொட்டைப் பூவாக்கும். உள்ள தண்ணீரையெல்லாம் பட்டாணியிலிருந்து முட்டை அளவு வரை 15 நாளுக்கு ஒரு முறை கொடுங்கள். மரத்தடியில் அரையடிக்குச் சருகு மூடாக்கு, தண்டைச் சுற்றி ஓர் அடி விட்டு. வெயிலில் சூடேறும் தரை அல்போன்சாவில் பஞ்சுச் சதையை (பழத்துக்குள் சதை பஞ்சுபோல் கெடுவது) கூட்டுகிறது, மூடாக்கு அதற்கும் நல்லது.

பதில் 4: சந்தைமேடு

எல்லாம் சரி, இன்னொன்று. 35 நீலம் இருக்கிறதே, கொட்டை வண்டைப் பாருங்கள். எலுமிச்சை அளவுக்கும் முன்பே தோலில் முட்டை வைத்துவிடும். புழு உள்ளே போன துளை மூடிக்கொள்ளும், பழுத்து அறுத்தால்தான் தெரியும். மாங்கூழ் ஆலைக்குக் கொட்டை தேவையில்லை என்பதால் பெங்களூராவில் பெரிதாகத் தெரியாது, சாப்பிட விற்கும் நீலத்தில் பெயர் கெடும். உதிர்ந்த காய், கொட்டை ஒன்று விடாமல் பொறுக்கி 2 அடி ஆழத்தில் புதையுங்கள். பழ ஈயும் அதிலேயே குறையும். அறுவடைக்கு ஒரு மாதம் முன்பு ஏக்கருக்கு 10 மெத்தில் யூஜினால் பொறி வையுங்கள். பொறியில் விழுவது ஆண் ஈ மட்டும்தான், ஆகவே பொறி வைத்துவிட்டோம் என்று காய் பொறுக்குவதை நிறுத்தக் கூடாது.

தோப்பை மறுபடி குத்தகைக்கு விடுவதானால் பூவிலே பேசாதீர்கள், பிஞ்சு கோலி அளவு வந்த பிறகு அந்த ஒரு போகத்துக்கு மட்டும் பேசுங்கள். பல வருடக் குத்தகையில் மரத்தின் அடுத்த வருடம் யாருக்கும் சொந்தமில்லை, சேதம் அங்கேதான் தொடங்குகிறது. வேரில் எதுவும் ஊற்றக் கூடாது, தெளிக்கும் மருந்தின் பெயரும் நாளும் எழுதித் தர வேண்டும், உரமும் கவாத்தும் நம் கையில். இந்த மூன்றையும் பத்திரத்தில் எழுதுங்கள். பெங்களூரா விலை ஆலைகளின் கையில் இருக்கிறது, 2025இல் எவ்வளவு சரிந்தது என்று பார்த்தோம். செலவைக் கணக்குப் போடும்போது 90 பெங்களூராவை மட்டும் நம்பிப் போடாதீர்கள்.

தோப்புவழி

புரிந்தது. நெருக்கமான 45 மரத்தில் நாளை அடையாளம் போடுகிறேன். மயில்துத்தம், சுண்ணாம்பு வாங்கியாயிற்று. வெட்டிய கிளைகளை அங்கேயே மூடாக்காகப் போடலாமா?

ஒட்டுக்கன்று

இலையும் விரல் பருமன் குச்சியும் போடலாம். கட்டைவிரலுக்கு மேல் பருமனானதையும், துளையும் மரத்தூளும் தெரியும் கிளையையும் தோப்புக்குள் விடாதீர்கள். தண்டு துளைப்பான் புழு அதற்குள் இருக்கும். நிற்கும் மரத்தில் அப்படித் துளை தெரிந்தால் வளைந்த கம்பியை விட்டுப் புழுவை இழுத்துவிட்டு, மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சைத் திணித்து, களிமண்ணால் அடையுங்கள். பத்து நாள் கழித்துப் பாருங்கள். புதுத் தூள் விழுந்திருந்தால் புழு இன்னும் உள்ளேதான் இருக்கிறது, மறுபடி கம்பி விட வேண்டும்.