பிட்யூட்டரியின் முன்கதுப்பை விளக்கப் படமோ மாதிரியோ வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். பிளஸ் ஒன் மாணவர்களுக்கு விலங்கியல் நடத்தும் எனக்கு, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் முன்கதுப்பு (முன்பகுதி) குறித்த பாடத்தில் உங்கள் உதவி தேவைப்படுகிறது.

ஸ்பீனாய்டு எலும்பின் சிறு குழிவுக்குள், ஏறக்குறைய 0.5 கிராம் எடையுடன் அமைந்திருக்கும் இச்சுரப்பியின் பின்கதுப்பு மூளையிலிருந்தே கீழிறங்கி வளர்வதையும், முன்கதுப்பு கருவின் வாய்க்கூரையிலிருந்து மேலெழுந்து அதனுடன் சேர்வதையும் மாணவர்கள் எளிதில் புரிந்துகொள்கிறார்கள். முன்கதுப்பின் ஆறு முக்கிய ஹார்மோன்களையும் தடையின்றிச் சொல்கிறார்கள். சிக்கல், மூளையின் ஒரு பகுதியான ஹைபோதலாமஸிலிருந்து, அதைச் சுரப்பியுடன் இணைக்கும் காம்பு வழியாக முன்கதுப்புக்கு இரத்தம் கொண்டுசெல்லும் போர்ட்டல் இரத்தக்குழாய்களில்தான். ஹைபோதலாமஸின் ஆணைகள் அந்த இரத்தத்தில் கலந்தே முன்கதுப்பை அடைகின்றன என்று கரும்பலகையில் சிவப்புச் சாக்பீஸால் வரைந்து காட்டியபோது, "அப்படியானால் காம்பு அறுபட்டால் எல்லா ஹார்மோன்களும் குறைந்துவிடுமா, டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். எத்தனை அருமையான கேள்வி! மற்றவை குறையும், ஹைபோதலாமஸிலிருந்து வரும் டோபமைனின் தடை நீங்குவதால், பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் மட்டும் கூடும் என்று விடை சொன்னேன்; ஆயினும் பிள்ளைகளின் முகத்தில் தெளிவு வரவில்லை.

காம்பின் மேலும் முன்கதுப்பின் உள்ளும் இருக்கும் இரண்டு நுண்குழாய் வலைகளையும் காட்டும், தமிழில் பெயர் குறித்த படமோ, வகுப்பில் செய்துகாட்டத்தக்க மாதிரியோ வைத்திருப்பவர்கள் அன்புகூர்ந்து பகிருங்கள். முன்கதுப்புச் செல்களின் சாய வேறுபாடு தெரியும் ஸ்லைடு படம் கிடைத்தாலும் பெரிதும் பயன்படும். வரும் புதன்கிழமை இப்பாடத்தை மீண்டும் நடத்தவிருக்கிறேன்.