பொருள்: பழைய கனடா நோட்டு: ‘கையால் போட்ட கையெழுத்து’க்கு ஒரு சொல் வேண்டும்

ஸ்கார்பரோவிலிருந்து, திங்கள்

அன்பர்களுக்கு வணக்கம். இங்கே பழைய நோட்டு சேர்ப்பவர்கள் சிலர் சின்னதாக ஒரு காட்சி வைக்கிறார்கள். தமிழில் விளக்க அட்டை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பன்னிரண்டில் பதினொன்று முடிந்தது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

சிக்கல் 1911ஆம் ஆண்டு ஒரு டாலர் நோட்டில். வலப்பக்கம் டி. சி. போவில் என்ற நிதித்துறை அதிகாரியின் பெயர். தகட்டிலேயே செதுக்கியது, நோட்டுக்கு நோட்டு மாறாது. இடப்பக்கத்தில் யாரோ ஓர் எழுத்தர் பேனாவால் போட்டது. அது ஆளுக்கு ஆள் மாறும். யார் கை என்று கண்டுபிடிப்பதில்தான் இவர்களுக்கு ருசி. ‘கையால் எழுதிய கையெழுத்து’ என்று போட்டேன். “கையெழுத்து என்றாலே கையால் எழுதியதுதானே அம்மா” என்கிறாள் மகள். இரண்டுக்கும் இரண்டு சொல் தாருங்கள். அப்படியே, கையெழுத்து விழாமல் வங்கியிலேயே தங்கிப்போன தாளை, மீதி என்ற பொருளில், ‘ரிமைண்டர்’ என்கிறார்கள். அதற்கும் ஒன்று.

மதுரையிலிருந்து

அம்மையீர், ‘கையெழுத்’தை விட்டுவிடுங்கள். ஒருவர் எழுதும் அழகையும் அதுதான் சொல்லும், பத்திரத்தில் போடுவதையும் அதுதான் சொல்லும். ‘ஒப்பம்’ என்பதை எடுங்கள். ஒப்பு என்னும் அடியிலிருந்து வந்தது, ஒத்துக்கொண்டதன் அடையாளம். பொன்னுக்கும் மணிக்கும் மெருகிடுவதையும் ஒப்பமிடுதல் என்போம். தகட்டில் செதுக்கி மெருகிட்ட பெயருக்கு இது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! ஆகவே எழுதொப்பம், செதுக்கொப்பம். இரண்டும் வினைத்தொகை. சோழர் கல்வெட்டில் அதிகாரிகள் ‘இவை என் எழுத்து’ என்றுதான் முடிப்பார்கள். அங்கே எழுத்து என்றாலே ஒப்பம்.

சென்னையிலிருந்து

ஐயா கோபிக்கக் கூடாது. எழுத்து என்றாலே ஒப்பம் என்றால், எழுதொப்பம் என்பது ஒப்பவொப்பம் ஆகிவிடாதா? அப்புறம் வினைத்தொகை முக்காலத்துக்கும் பொது. ஊறுகாய் ஊறியது, ஊறுகிறது, ஊறும். ஒட்டாவா எழுத்தர் ஒருமுறை போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவர் இனிமேல் எங்கே எழுதுவது?

பேனாக் கையெழுத்து, அச்சுக் கையெழுத்து. கண்காட்சிக்கு வரும் பாட்டிக்கும் புரியும்.

இன்னொன்று: போவில் வகித்த பதவியைத் ‘துணை அமைச்சர்’ என்று போட்டுவிடாதீர்கள். அங்கே டெபுடி மினிஸ்டர் தேர்தலில் நிற்பவர் அல்லர். நம் ஊர்க் கணக்கில் துறைச் செயலாளர். முப்பது வருடம் கோப்பு தள்ளியவன் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து

பேனா தமிழா? ‘தூவல்’ இருக்கும்போது?

சென்னையிலிருந்து

தூவல் என்றால் எங்கள் வீட்டில் மழை.

யாழ்ப்பாணத்திலிருந்து

நாங்கள் எப்போதும் கையொப்பம் என்றுதான் சொல்வது. கையெழுத்து வேறு, கையொப்பம் வேறு. உங்கள் பாதிச் சண்டை எங்களுக்கு இல்லை. நோட்டையும் விடுங்கள்: நோட்டுக்குத் தாள்க்காசு, நாணயத்துக்குக் குத்திக்காசு. எவ்வளவு வடிவான சொற்கள்!

அக்கா, அந்த நாட்டில் 1685இல் சீட்டுக்கட்டையே காசாக்கின கதை அட்டையில் வருகிறதா? நியூ பிரான்ஸ் என்ற பிரெஞ்சுக் குடியேற்றத்தில் படைவீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கக் காசில்லை. டி மூல் என்ற நிர்வாகி விளையாட்டுச் சீட்டை எடுத்துத் தொகையை எழுதி ஒப்பம் வைத்துக் கொடுத்தார். அந்த ஒப்பம் இல்லாவிட்டால் அது வெறும் ஆடுத்தன் சீட்டு.

கோலாலம்பூரிலிருந்து

‘மையொப்பம்’ எப்படி? சுருக்கமாக இருக்கிறது.

ஸ்கார்பரோவிலிருந்து, புதன்

சீட்டுக்காசு நான்காவது அட்டையில் வந்துவிட்டது, தம்பி.

மையொப்பம் எனக்கும் பிடித்தது. ஆனால் அச்சடிப்பதும் மையால்தானே? நேற்று ஒருவர் பூதக்கண்ணாடி கொடுத்துக் காட்டினார். போவிலின் பெயர் தாளின் மேல் மெல்லிய மேடாக நிற்கிறது, நகத்தால் மெதுவாகத் தடவினால் தட்டுப்படுகிறது. எழுத்தரின் மை பழுப்பேறி, தாளின் நாருக்குள் ஓடி, ஓரமெல்லாம் கசிந்திருக்கிறது. பேனாவை அழுத்திய இடத்தில் கோடு தடித்து, தூக்கிய இடத்தில் மயிரிழையாகிறது. ஆளைப் பிடிப்பதே அந்த அழுத்தத்தை வைத்துத்தானாம். இரண்டும் மைதான், ஒன்று மேலே உட்கார்ந்தது, ஒன்று உள்ளே போனது.

1935இல் கனடா வங்கி என்ற மத்திய வங்கி வந்தபோது அதன் துணை ஆளுநர் ஆஸ்போர்ன், ஆளுநர் டவர்ஸ் இருவர் பெயரையும் அச்சிலேயே போட்டுவிட்டார்கள். அதில் எழுத்தர் கைக்கு வேலை இல்லை, எனக்கும் அதற்குப் பிந்தைய அட்டைகளில் தொல்லை இல்லை. ரிமைண்டருக்கு யாரும் வாய் திறக்கவில்லையே?

மதுரையிலிருந்து

எச்சத்தாள்.

சென்னையிலிருந்து

‘எச்சத்தாற் காணப்படும்’ நினைவுக்கு வருகிறது. ஐயா வேண்டுமென்றே செய்தீர்களா? சத்தமாகப் படித்தால் பாதிப்பேர் ளகரத்தை லகரமாக்குவார்கள். மீதிப்பேர் காக்கையை நினைப்பார்கள்.

மதுரையிலிருந்து

வள்ளுவரின் எச்சத்துக்குப் பரிமேலழகர் மக்கள் என்று பொருள் சொன்னார், புகழ் என்பாரும் உண்டு. காக்கை என்று சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். நான் சொல்வது இலக்கண எச்சம். ‘வந்த’ என்று நிறுத்தினால் காது அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கிறது அல்லவா? அந்தத் தாளும் அப்படித்தான். படம் உண்டு, தொகை உண்டு, வங்கியின் பெயர் உண்டு. முடித்துவைக்கும் ஒப்பம் மட்டும் இல்லை. பெயரெச்சம், வினையெச்சம், அடுத்து எச்சத்தாள்.

கோலாலம்பூரிலிருந்து

அழகுதான் ஐயா. ஆனால் பிற்பாடு எவனாவது மோசக்காரன் அதில் தன் பேனாவால் கையொப்பம் போட்டு ஏமாற்றினால்? அது முற்றா, எச்சமா?

யாழ்ப்பாணத்திலிருந்து

முற்றெச்சம்!

ஸ்கார்பரோவிலிருந்து, வியாழன் இரவு

பேனாக் கையொப்பம், அச்சுக் கையொப்பம் என்று போட்டு அனுப்பிவிட்டேன். பேனா சென்னைக்கு, கையொப்பம் யாழ்ப்பாணத்துக்கு. நாலு பேர் சரி என்றீர்கள், இரண்டு பேர் பதிலே போடவில்லை. அதையும் சரி என்றே எடுத்துக்கொண்டேன். ரிமைண்டருக்கு ‘ஒப்பமிடாத் தாள்’. எச்சத்தாள் எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஆனால் காட்சி வைப்பவர்களிடம் காக்கையை விளக்க எனக்குத் தெம்பு இல்லை.

மதுரையிலிருந்து

மகிழ்ச்சி. ஒப்பமிடாத்தாள் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஆக, எச்சம் உள்ளே வந்துவிட்டது. ‘பேனா’வுக்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.