கம்ப்ரஸரில் ஜோராக ஓடுகிறது, நீராவியில் படுத்துவிடுகிறது: லைன் ஷாஃப்ட் பட்டறை மாதிரி

பட்டறைவாசி:

வணக்கம். மின்சாரம் வருவதற்கு முன்பு பட்டறைகள் எப்படி இருந்தனவோ அதைச் சின்னதாகச் செய்துகொண்டிருக்கிறேன். ஒரே ஒரு நீராவி இன்ஜின், அது மேலே ஓடும் லைன் ஷாஃப்டைச் சுற்றும், அதிலிருந்து பெல்ட் இறங்கி ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு சாணைக்கல், ஒரு பவர் ஹேமர் மூன்றையும் ஓட்டும். சும்மா பார்வைக்கு இல்லை, சாணையில் ஆணியை வைத்தால் பொறி பறக்க வேண்டும் என்று ஆசை.

இன்ஜின் படுக்கை வகை. 20 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 20 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), ஸ்லைடு வால்வு, டபுள் ஆக்டிங், அதாவது பிஸ்டனின் இரண்டு பக்கமும் ஆவி மாறி மாறித் தள்ளும். சிலிண்டர் பித்தளை. பாய்லர் 75 மி.மீ. விட்டமுள்ள செம்புக் குழாய், நீளம் 150 மி.மீ., சில்வர் பிரேசிங் செய்தது. கீழே இரண்டு திரி ஸ்பிரிட் விளக்கு.

இன்ஜினைக் காற்றுக் கம்ப்ரஸரில் இணைத்து, ரெகுலேட்டரை 2 பார் அழுத்தத்தில் வைத்தால் மூன்று மெஷினும் சேர்ந்தே ஓடுகின்றன. ஆனால் பாய்லர் கேஜ் அதே 2 பார் காட்டும்போது ஆவியைத் திறந்தால், எக்ஸாஸ்டில் தண்ணீராகத் துப்பி, திக்கித் திக்கிக் கொஞ்ச நேரம் சுற்றுகிறது, அதற்குள் கேஜ் முள் அரை பாருக்கு இறங்கி எல்லாம் நின்றுவிடுகிறது. பெல்ட்டை எல்லாம் கழற்றிவிட்டால் ஏதோ ஓடும். வால்வு டைமிங்கை மாற்றிப் பார்க்கலாமா? பக்கத்து லேத்காரர் "பிரஷர் குக்கரைப் பாய்லராக வை, ஆவி தாராளமா வரும்" என்கிறார். செய்யலாமா?

ஆவிபறக்குது:

வால்வில் கை வைக்காதீர்கள். காற்றில் சுமையோடு ஓடுகிற இன்ஜினுக்கு டைமிங் சரியாகத்தான் இருக்கும். காற்று குளிர்ந்தாலும் காற்றாகவே இருக்கும், ஆவி குளிர்ந்த உலோகத்தைத் தொட்ட உடனே தண்ணீராகிவிடும், அதோடு அதன் அழுத்தமும் போய்விடும். நீங்கள் எக்ஸாஸ்டில் பார்ப்பது அதைத்தான்.

இது உங்களுக்கு மட்டும் வந்த தலைவலி இல்லை. 1763–64 குளிர்காலத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த வைத்திருந்த ஒரு நியூகாமன் இன்ஜினின் (சுரங்கத் தண்ணீர் இறைத்த பழைய வகை நீராவி இன்ஜின்) சின்ன மாதிரி பழுதுபார்க்க ஜேம்ஸ் வாட்டிடம் வந்தது. சிலிண்டர் 2 அங்குல விட்டம், 6 அங்குல ஸ்ட்ரோக், பாய்லர் பார்ப்பதற்குப் போதுமான அளவில்தான் இருந்தது, ஆனாலும் சில அடி அடித்துவிட்டு ஆவி தீர்ந்து நின்றுவிடும். சுரங்கங்களில் பெரிய இன்ஜின்கள் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தபோது சின்னது மட்டும் ஏன் இப்படி என்று குடைந்துதான், ஒவ்வொரு அடிக்கும் சிலிண்டர் சுவரைச் சூடாக்கவே எவ்வளவு ஆவி வீணாகிறது என்று கண்டுபிடித்தார். ஆவியைச் சிலிண்டருக்கு வெளியே குளிர்விக்கும் தனிக் கண்டென்சர் யோசனை 1765இல் வந்தது அதன் தொடர்ச்சியாகத்தான், பேட்டன்ட் 1769. அந்த மாதிரி இன்றும் கிளாஸ்கோ ஹன்டேரியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் சிலிண்டரைக் குளிர்விப்பதே இயங்கும் முறை, உங்களுடையதில் அது தேவையில்லாமல் நடக்கிறது, ஆனால் அளவு சிறுத்தால் என்ன ஆகும் என்ற கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். 400 மி.மீ. சிலிண்டரை 20 மி.மீ. ஆக்கினால் உள்ளே பிடிக்கும் ஆவி 8000 மடங்கு குறையும், சுவரின் பரப்பு 400 மடங்குதான் குறையும். அதாவது ஒவ்வொரு கிராம் ஆவிக்கும் 20 மடங்கு அதிகச் சுவர். போதாக்குறைக்குப் பித்தளை, வார்ப்பிரும்பை விட வேகமாகச் சூட்டை வெளியே கடத்தும்.

இப்போது உங்கள் பாய்லர். ஒரு சுற்றுக்கு இரண்டு பக்கமும் சேர்த்துச் சுமார் 12.5 கன செ.மீ. ஆவி வேண்டும். நிமிடத்துக்கு 400 சுற்று என்றால் 5 லிட்டர். 2 பார் கேஜில் ஆவி லிட்டருக்கு 1.65 கிராம் எடை, ஆக 8 கிராம் தண்ணீர். சுவரில் வீணாவதற்கு இன்னொரு பங்கு சேர்த்தால் 16 கிராம் என்று வையுங்கள். கொதிநிலைக்கு வந்துவிட்ட தண்ணீரை ஆவியாக்கக் கிராமுக்குச் சுமார் 2.2 கிலோஜூல் வேண்டும், ஆகவே ஏறக்குறைய 600 வாட், அதுவும் தண்ணீருக்குள் போய்ச் சேர வேண்டியது மட்டும். இந்த மாதிரிச் சாதா உருளைப் பாய்லரில் தீயின் சூட்டில் பாதி தண்ணீருக்குப் போனாலே பெரிய விஷயம். ஸ்பிரிட் கிராமுக்கு 27 கிலோஜூல் தரும். விளக்கைப் பற்றவைப்பதற்கு முன்பு எடை போட்டு, பத்து நிமிடம் எரியவிட்டு, மறுபடி எடை போடுங்கள். நிமிடத்துக்கு இரண்டரை, மூன்று கிராம் எரியாவிட்டால் இந்த இன்ஜினை அந்த விளக்கு சுமையோடு ஓட்டாது. கேஜில் 2 பார் வந்ததே என்று ஏமாற வேண்டாம், மூடி வைத்தால் எந்த விளக்கும் மெதுவாக ஏற்றிவிடும்.

செய்ய வேண்டியது: சின்ன கேஸ் பர்னர் போடுங்கள், பாய்லரைச் சுற்றித் தகர உறை கட்டித் தீயை உள்ளேயே தேக்குங்கள். ஆவிக் குழாயை நேராக இன்ஜினுக்குக் கொண்டுபோகாமல் ஒரு தடவை தீக்குள் ஓட்டி எடுங்கள், ஆவி காய்ந்து வரும், இது ஒன்றே பாதி வித்தியாசம் காட்டும். குழாயிலும் சிலிண்டரிலும் கனமாகப் பருத்திக் கயிறு சுற்றி மேலே மெல்லிய தேக்குப் பட்டைகள் வையுங்கள், அந்தக் காலத்து இன்ஜின்களிலும் மரப்பட்டைதான், பார்க்கவும் அழகு. சிலிண்டர் இரண்டு முனையிலும் டிரெயின் காக் (தண்ணீரை வடிக்கும் சின்னக் குழாய்த் திருகு) இல்லையென்றால் போடுங்கள். ஓட்டுவதற்கு முன்பு அவற்றைத் திறந்துவைத்து, ஃப்ளைவீலைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டி, தண்ணீர் நின்று ஆவி மட்டும் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஸ்லைடு வால்வு என்பதால் தண்ணீர் வெளியேறக் கொஞ்சம் தூக்கிக்கொடுக்கும், இருந்தாலும் உள்ளே தண்ணீர் நிறைந்திருக்கும்போது ஃப்ளைவீலை வேகமாகத் தள்ளினால் சிலிண்டர் மூடியைப் பிடித்திருக்கும் ஸ்டட் போய்விடும்.

பழையஃபிட்டர்:

மேலே சொன்னது எல்லாம் சரி தம்பி, ஆனால் ஆவியைக் கூட்டுவதற்கு முன்பு எங்கே தின்கிறது என்று பார்க்க வேண்டாமா. இன்ஜின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு லைன் ஷாஃப்டை விரலால் சுண்டிவிடு. சுண்டினால் நாலைந்து சுற்றாவது தானாகச் சுற்ற வேண்டும், உடனே நின்றால் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் எல்லாம் ஒரே கோட்டில் இல்லை என்று அர்த்தம். பெரிய மில்களிலேயே ஷாஃப்டும் பெல்ட்டும் மட்டும் இன்ஜின் சக்தியில் கணிசமான பங்கை விழுங்கின, மோட்டார் வந்ததும் ஒவ்வொரு மெஷினுக்கும் தனி மோட்டார் போட்டதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

தையல் மெஷின் தோல் பெல்ட் போட்டிருக்கிறாயா? எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள். சின்ன புல்லியில் அது வளையவே சக்தி தின்னும். மெல்லிய தட்டைப் பெல்ட் போட்டு, புல்லியின் நடுவைக் கொஞ்சம் மேடாகக் கடைந்தால் பெல்ட் தானாக நடுவுக்கு வந்து நிற்கும், இழுத்துக்கட்டத் தேவையில்லை. அப்புறம் ஒவ்வொரு மெஷினுக்கும் அச்சோடு இறுகிய ஃபாஸ்ட் புல்லி, அச்சின் மேல் சும்மா சுற்றும் லூஸ் புல்லி ஜோடியாக வை. அசல் பட்டறையில் அப்படித்தான், வேலையில்லாத மெஷினின் பெல்ட்டை லூஸ் புல்லிக்குத் தள்ளிவிடுவார்கள், இன்ஜின் நிற்காது. ஹேமர் அடிக்கடி தூக்கிப் போடும் சுமை, அதற்கு ஃப்ளைவீல் கனமாக இருக்க வேண்டும், கனம் விளிம்பில் இருக்க வேண்டும்.

சேஃப்டிவால்வு:

குக்கர் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான்.

வேண்டாம். குக்கர் வெயிட் ஏறக்குறைய 1 பாரில் தூக்கிவிடும். உங்களுக்கு 2 பார் வேண்டுமென்றால் வெயிட்டைக் கனமாக்க வேண்டும், அதை யாரும் செய்யக் கூடாது. மூடியில் துளை போட்டு நிப்பிள் வைப்பதும் அப்படியே. பக்கத்து லேத்காரர் பார்த்த தாராளமான ஆவி குக்கரால் வந்தது இல்லை, அடியில் எரியும் கேஸ் அடுப்பால் வந்தது. உங்கள் பாய்லருக்கு அடியில் அந்த அளவு தீ வைத்தால் அதுவும் தரும்.

ஆனால் தீயைக் கூட்டுவதற்கு முன்பு பாய்லரைச் சோதித்தீர்களா? 75 மி.மீ. தட்டை முனை ஒன்றின் மேல் 2 பாரில் விழும் விசை சுமார் 90 கிலோ. உருளைப் பகுதி தாங்கிவிடும், தட்டை முனைதான் உப்பும், இரண்டு முனைக்கும் நடுவே ஒரு செம்பு ஸ்டே கம்பி கட்டாயம். சோதனை தண்ணீரால் மட்டும். பாய்லரை முழுக்கத் தண்ணீரால் நிரப்பி, காற்றை எல்லாம் வெளியேற்றி, கைப்பம்பால் 4 பார் வரை ஏற்றிக் கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். தண்ணீர் அமுங்காது, எங்காவது விட்டாலும் கசிந்து அடங்கிவிடும். அதையே கம்ப்ரஸர் காற்றால் செய்தால் வெடிகுண்டு.

சேஃப்டி வால்வு 2 பாருக்கு மேலே உடனே தூக்க வேண்டும், முழுத் தீயில் வைத்தும் அழுத்தம் ஏறாமல் அது தாங்குகிறதா என்று பாருங்கள், பர்னர் மாற்றினால் மறுபடியும் பாருங்கள். தண்ணீர் மட்டம் தெரிய கண்ணாடிக் குழாய் வையுங்கள். இந்தப் பாய்லரில் முக்கால்வாசி நிரப்பினாலும் நிமிடத்துக்கு 16 கிராம் போனால் இருபது நிமிடத்துக்குள் தீயை அணைக்க வேண்டியிருக்கும். ஃபிட்டிங் எதையாவது ஈயத்தால் பற்றவைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். 2 பாரில் தண்ணீர் 134 டிகிரிதான், சாதா ஈயப்பற்று 183இல் இளகத் தொடங்கும் என்பதால் இடைவெளி இருப்பதுபோல் தெரியும், தண்ணீர் வற்றினால் அந்த இடைவெளி நொடியில் போய்விடும்.

பட்டறைவாசி:

எல்லோருக்கும் நன்றி. விளக்கை எடை போட்டேன், நிமிடத்துக்கு ஒரு கிராம்கூட எரியவில்லை, ஆக ஜேம்ஸ் வாட்டிடம் வந்த மாதிரியின் கதைதான், ஆவி போதவில்லை. ஸ்டே கம்பி ஏற்கெனவே இருக்கிறது, தண்ணீர்ச் சோதனை இனிமேல்தான், அது முடிந்துதான் பர்னர். ஃபிட்டர் அண்ணே, தையல் மெஷின் பெல்ட்தான், சரியாகச் சொன்னீர்கள். ஆவியைத் தீக்குள் ஓட்டினால் சிலிண்டருக்கு எண்ணெய் எப்படி? இப்போது மெஷின் ஆயில்தான் விடுகிறேன்.

ஆவிபறக்குது:

மெஷின் ஆயில் ஆவியோடு கழுவிக்கொண்டு போய்விடும், ஸ்டீம் சிலிண்டர் ஆயில் என்றே கனமாக, கிட்டத்தட்டத் தேன் பதத்தில் விற்கிறது, அதை வாங்குங்கள். இன்ஜினுக்கு முன்னால் ஆவிக் குழாயில் ஒரு சின்ன டிஸ்ப்ளேஸ்மென்ட் லூப்ரிகேட்டர் வைத்தால் போதும்: மூடிய ஒரு குப்பி, குழாயிலிருந்து அதற்குள் ஊசித் துளை. ஆவி கொஞ்சம் உள்ளே போய்த் தண்ணீராகி அடியில் இறங்கும், அந்த அளவு எண்ணெய் மேலேறி ஆவியோடு கலக்கும். எக்ஸாஸ்ட் அருகே ஒரு தாளைப் பிடித்தால் எண்ணெய்ப் பொட்டு லேசாகத் தெரிய வேண்டும், கொட்டினால் துளை பெரிது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் குப்பியின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு எண்ணெய் நிரப்புங்கள். ஆவி வால்வை மூடி, அழுத்தம் இறங்கிய பிறகுதான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் கொதிக்கிற எண்ணெய் முகத்தில் அடிக்கும்.