கால் மிதித்தால் நீர் ஊற்றும் கலம்: கலைச்சொல் தேவை

அன்பர்களுக்கு வணக்கம். குழாய் வசதி இல்லாத பள்ளிகளுக்கும் முகாம்களுக்குமான செய்முறைக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். 'டிப்பி டேப்' என்ற சொல்லில் நின்றுவிட்டேன். இரண்டு கவைக்கம்புகள், குறுக்கே ஒரு கம்பு, அதில் தொங்கும் 5 லிட்டர் கேன். மூடியில் கட்டிய கயிறு கீழே மிதிகட்டைக்கு வருகிறது. மிதித்தால் கேன் சாயும், கழுத்துக்குக் கீழே போட்ட சிறு துளையில் நீர் வரும். அழுக்குக் கை எதையும் தொடாது. பக்கத்தில் கயிற்றில் சோப்பு. 'கைகழுவி' சரிவருமா?

———

மண்வெட்டி, பாக்குவெட்டி போல இலக்கணம் பொருந்துகிறது. ஆனால் கழுவி என்பது வினையெச்சமும்தானே? 'முகாமுக்குக் கைகழுவி விட்டோம்' என்று படித்தால் முகாமையே உதறிவிட்டதாகப் பொருள்படும்! கரகம் என்போம். 'நூலே கரகம் முக்கோல் மணையே' என்பது தொல்காப்பிய மரபியல். நீரைத் தன்னுள் கரந்து, அதாவது மறைத்து, வைப்பதால் கரகம் என்பது என் துணிபு.

———

ஐயா, வடமொழியிலும் கரகம் நீர்க்கலம்தான். எங்கிருந்து எங்கே போனது என்று தொடங்கினால் வெள்ளிக்கிழமை போதாது. தவிர, கரகம் என்றதும் எல்லோருக்கும் ஆட்டம்தான் நினைவுக்கு வரும்.

———

பொதுச்சொல்லையும் சிறப்புச்சொல்லையும் பிரியுங்கள். உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் குழாய் வைத்த வாளி, இந்தத் தொங்கும் கேன், கைகழுவவென்றே ஒதுக்கிய பேசின் எல்லாவற்றையும் ஒரே வகையில் சேர்க்கின்றன. அதற்குக் 'கைகழுவுமிடம்' போதும். 'கைகழுவும் நிலையம்' வேண்டாம், பேருந்து வந்து நிற்கும். தூக்கி நகர்த்தக்கூடியது என்று காட்ட 'இடம்பெயர்' என்ற அடையும் வேண்டாம். முகாமில் இருப்பவர்களுக்கு அந்தச் சொல் வலிக்கும்.

சிறப்புச்சொல்லுக்கு: ஜிம்பாப்வேயில் இதன் முன்னோடியைச் சுரைக்குடுக்கையில் செய்தார்கள், பெயரும் குடுக்கையின் பெயரேதான், முக்கோம்பே. நாமும் 'சாய்குடுக்கை' எனலாமே!

———

குடுக்கை அழகுதான். ஆனால் செய்பவர் கையில் இருப்பது பிளாஸ்டிக் கேன். ஆறாம் வகுப்பில் படத்தைக் காட்டி என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன். 'மிதிகேன்' என்றாள் ஒரு மாணவி. மிதிவண்டி நிலைத்தது போல இதுவும் நிலைக்கும்.

———

கேன் தமிழா அம்மா? கலம் இருக்கிறதே. சாய்கலம் என்றால் கேன், குடுக்கை, குடம் எதைத் தொங்கவிட்டாலும் பொருந்தும். வினைத்தொகை, ஆகவே ஒற்று மிகாது. தயவுசெய்து 'சாய்க்கலம்' என்று அச்சிட்டுவிடாதீர்கள்.

———

சாய்கலத்துக்கு நால்வர், மிதிகேனுக்கு இருவர். கையேட்டில் சாய்கலம் என்றே போடுகிறேன். படத்துக்குக் கீழே மட்டும் 'மிதிகேன்' இருக்கும், கம்பு நடப்போகிறவர் அதைத்தான் முதலில் பார்ப்பார். அனைவருக்கும் நன்றி.

———

மிதிகேன் உள்ளே வந்துவிட்டது, கரகத்துக்கு ஓர் அடிக்குறிப்புகூட இல்லையா? என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். கரத்தல் பற்றி இரவு விரிவாக எழுதுகிறேன்.