அப்பாவின் பழைய கட்டுரைகளைத் திறந்தால் முக்கால் முக்காலாக வருகிறது

குடந்தைப்பெண்:
அப்பா கும்பகோணத்தில் தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வார்த்தைக்குக் காசு என்று எண்ணி எண்ணியே காலம் தள்ளிய மனுஷர், இணையம் வந்ததும் நாலு பக்கத்துக்குக் குறைந்து எழுதமாட்டார். 2001லிருந்து ஒரு தமிழ் மடற்குழுவில் (மின்னஞ்சலில் எல்லோரும் எழுதிக்கொள்ளும் குழுமம்) இருந்தார். டெலிபிரிண்டரில் பழகிய விரல். அதனால் ஆங்கில எழுத்தில் தட்டி முரசு அஞ்சல் மென்பொருளில் தமிழாக்குவது ஒரே வாரத்தில் கைவந்துவிட்டது. வீட்டில் எழுதி, ஃபிளாப்பியில் ஏற்றி, மகாமகக் குளத்துப் பக்கம் பிரவுசிங் சென்டரில் மணிக்கு 30 ரூபாய் கொடுத்து அனுப்புவார். மழை நாளில் ஃபிளாப்பி பால் கவருக்குள் போய்விடும், அவர் நனைந்துகொண்டே சைக்கிளில் போவார்.

2011ல் போய்விட்டார். (தந்தி நின்றது 2013ல். அதைப் பார்க்காமல் போனதும் நல்லதுதான்.) அந்தக் குழுமத்தையும் பிறகு மூடிவிட்டார்கள். மூடப்போகிறோம் என்று அவருக்கு மெயில் வந்திருக்கும், பாஸ்வேர்டு எங்களில் யாருக்குத் தெரியும்? போன வாரம் டிரங்குப் பெட்டியில் ஒரு சிடி கிடைத்தது. 63 கோப்புகள். திறந்தால் ஒரு எழுத்துகூடத் தமிழ் இல்லை. முக்கால் என்கிற பின்னக்குறி, தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, சென்ட் காசுக் குறி, இப்படியே பக்கம் பக்கமாக. மொபைல் கடைத் தம்பி “வைரஸ் மேடம், ஃபார்மட் பண்ணிடலாம்” என்கிறான். பண்ணலாமா?

எழுத்துருப் பைத்தியம்:
ஐயோ, அந்தத் தம்பி கையில் கொடுத்துவிடாதீர்கள்! ஒன்றும் கெடவில்லை. நீங்கள் சொன்ன முக்கால், ஏ, சென்ட் மூன்றும் சேர்ந்தால் ‘தமி’. அதை அடுத்துத் தலையில் கோடு போட்ட யூ இருக்கிறதா பாருங்கள், அதுதான் ‘ழ்’. இது திஸ்கி, யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியீட்டு முறை. அப்போது ஒரு எழுத்துருவுக்கு 256 இடம்தான். முதல் பாதி ஆங்கிலத்துக்கு, மறுபாதியில் நாம் தமிழைக் குடிவைத்தோம். எழுத்துரு இருந்தால் ‘த’ தெரியும், இல்லாவிட்டால் அந்த எண்ணுக்குச் சொந்தக்கார முக்கால் எட்டிப் பார்க்கும்.

திஸ்கியிலிருந்து, இப்போது எங்கும் புழங்கும் யூனிகோடுக்கு மாற்றும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலில் ஒரு கோப்பை மட்டும் மாற்றிப் பாருங்கள். கொம்பில்தான் வம்பு: திஸ்கியில் கையால் எழுதுகிற மாதிரி கொம்பு முதலில், எழுத்து அப்புறம். யூனிகோடில் தலைகீழ். மாற்றும் செயலி சரியில்லை என்றால் கொம்பு பக்கத்து எழுத்துக்குத் தாவிவிடும். மூலக் கோப்புகளை வேர்டில் திறந்து சேமித்துவிடாதீர்கள், அப்படியே ஒரு நகல் தனியாக இருக்கட்டும்.

அன்றைக்கு ஆளுக்கொரு எழுத்துரு. ஒரு பத்திரிகைத் தளத்தில் எடுத்ததை இன்னொரு இடத்தில் ஒட்டினால் குப்பை. அரசாங்கமே 2010ல், கோவை செம்மொழி மாநாட்டு சமயத்தில்தான் யூனிகோடுக்கு வந்தது.

சும்மா வந்தவன்:
மூடுறது என்ன புதுசா? இலவசமா இணையப் பக்கம் கொடுத்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபர்ல போச்சு, ஃபேஸ்புக் மாதிரி இருந்த ஆர்க்குட் 2014 செப்டம்பர் 30. நம்ம ஆளுங்க எழுதினது எவ்வளவோ அதோட போச்சு. அதுக்காவது ஒரு முகவரி இருந்துச்சு, தேடினா கிடைக்கும். இப்ப எல்லாம் வாட்ஸப். உங்கப்பா மாதிரி நாலு பக்கம் யாரு சார் எழுதுறா? விடிஞ்சா ரோஜாப்பூ குட்மார்னிங்.

குடந்தைப்பெண்:
நான் சார் இல்லை, பெயரைப் பாருங்கள்.

63ம் மாறிவிட்டது. கொம்பு சில இடங்களில் தாவியிருந்தது, கையால் திருத்தினேன். எழுத்துருப் பைத்தியம், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! முதல் கோப்பு 2002ல் எழுதியது. பெரிதாக ஏதோ இருக்கும் என்று நினைத்து உட்கார்ந்தால், டிகிரி காப்பியில் ‘டிகிரி’ எங்கிருந்து வந்தது என்று மூன்று பக்கம் சண்டை. எதிராளி என்ன சொன்னார் என்பது கிடையாது, அப்பா தன் பதிலை மட்டும்தான் சேமித்திருக்கிறார். அடுத்த அறையில் யாரோ போன் பேசுவதைக் கேட்கிற மாதிரி இருக்கிறது. கடைசி வரி: “என் மனைவி போடும் காப்பியில் சிக்கரி கிடையாது.”

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பத்து நிமிஷத்தில் வாட்ஸப்பில் குரல் பதிவு, மூன்று நிமிஷம். சிரிப்பு அடங்கவே ஒரு நிமிஷம். சிக்கரி போடாமல் ஒரு நாள்கூடக் காப்பி கொடுத்ததில்லையாம், டப்பாவை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தாளாம்.

சும்மா வந்தவன், ரோஜாப்பூ எங்கம்மாவும்தான் அனுப்புகிறாள். ஆனால் அப்பா அத்தனை வருஷம் எழுதித் தள்ளியபோது அம்மா அந்தக் கம்ப்யூட்டரைத் தூசி தட்டத்தான் தொட்டாள். அப்பா ஆதாரமாகக் காட்டியதே அவள் காப்பியைத்தான், அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 78 வயதில் இப்போது மைக் பொத்தானை அழுத்திக்கொண்டு மறுப்பு சொல்கிறாள். என் கவலை வேறு. அப்பாவுடையது 20 வருஷம் கழித்தும் கிடைத்தது, அம்மாவுடையது நான் போன் மாற்றினால் போய்விடுமே?

வடமராட்சியான்:
அக்கா, ஆண்ட்ராய்டு எண்டால் அந்தக் குரல் ஓபஸ் கோப்பா உங்கட ஃபோனுக்குள்ளயே கிடக்கும். அதை வெளியில எடுத்து, திகதியும் ஆர் என்ன கதைச்சவை எண்டதும் கோப்பின்ர பேரிலயே எழுதிப்போடுங்கோ. இல்லாட்டி பிறகு வெறும் இலக்கங்களாத்தான் இருக்கும், ஒண்டும் விளங்காது. ஐயாவின்ர சிடியை மாதிரி ஒரு இடத்தில மட்டும் வைக்கவேண்டாம். 1981ல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சதில ஒரே ஒரு பிரதி இருந்ததெல்லாம் திரும்பக் கிடைக்கேல்லை. வேற வேற வீடுகளில மூண்டு நகல் வையுங்கோ.

அம்மாவிட்ட சிக்கரி எவ்வளவு எண்டும் கேட்டுப் பதிஞ்சு வையுங்கோ.

குடந்தைப்பெண்:
கேட்டேன். “அதெல்லாம் இதுல சொல்ல மாட்டேன், நேர்ல வா” என்கிறாள்.