திருநங்கைக்கு ஞானஸ்நானம்: வத்திக்கான் சொன்னதில் முரண்பாடு இருக்கிறதா?

கோட்டாறு_உபதேசியார்:
வாட்ஸப்பில் அரைகுறையாக வந்ததை வைத்துப் பலரும் கேட்கிறார்கள். முதலில் விஷயத்தைப் போட்டுவிடுகிறேன். பிரேசிலின் ஆயர் ஒருவர் கேட்ட கேள்விகளுக்கு வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை 2023 அக்டோபர் 31 தேதியிட்டு, போப் பிரான்சிஸின் ஒப்புதலோடு பதில் கொடுத்தது. ஹார்மோன் எடுத்து, அறுவை சிகிச்சையும் செய்துகொண்ட திருநர்கூட மற்றவர்களுக்கு உள்ள அதே நிபந்தனைகளின்படி ஞானஸ்நானம் பெறலாம். ஆனால் விசுவாசிகளிடையே துர்மாதிரியோ குழப்பமோ உண்டாகும் நிலை இருக்கக் கூடாது. ஞானப்பெற்றோராக, அதாவது ஞானஸ்நானம் பெறுபவரின் விசுவாச வாழ்வுக்குப் பொறுப்பேற்பவராக, நிற்பது உரிமை அல்ல; பங்குத்தந்தை விவேகத்தோடு சில நிபந்தனைகளில் அனுமதிக்கலாம். திருமணத்துக்குச் சாட்சியாக நிற்கத் தடை இல்லை.

சில மாதம் கழித்து, 2024 ஏப்ரல் 8 அன்று, அதே துறை 'டிக்னித்தாஸ் இன்ஃபினித்தா' (எல்லையற்ற மாண்பு) ஆவணத்தை வெளியிட்டது. பாலின மாற்றச் சிகிச்சை எதுவானாலும், பொதுவாக, ஒருவர் கருவில் உருவான நொடியிலிருந்து பெற்ற தனி மாண்புக்கு ஆபத்தாகலாம் என்கிறது அது. இரண்டிலும் துறைத் தலைவர் கர்தினால் பெர்னாண்டஸ் கையெழுத்துதான். இது எப்படிச் சேர்ந்து நிற்கும்? சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே நண்பர்களும் சொல்லுங்கள்.

எபெனேசர்_பாளை:
ஸ்தோத்திரம். என்னைக் கேட்டால் இரண்டாவது ஆவணம் சரி, முதலாவது நழுவல். "ஆணும் பெண்ணுமாக அவர்களைச் சிருஷ்டித்தார்" என்று ஆதியாகமம் 1:27 சொல்கிறது. இயேசுவும் மத்தேயு 19இல் விவாகத்தைப் பற்றிப் பேசும்போது அதையேதான் எடுத்துச் சொல்கிறார். உடம்பு வேறு, 'உண்மையான நான்' வேறு என்ற எண்ணம் பழைய ஞானவாதக் கள்ளப்போதனை. வார்த்தை மாம்சமானார் என்று நம்புகிற நாம் மாம்சத்தை மாற்றி மாட்டிக்கொள்கிற சட்டையாக நினைக்க முடியாது. சரீரமே உயிர்த்தெழும் என்றுதான் விசுவாசப் பிரமாணத்தில் ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறோம். இதைச் சொன்னால் வெறுப்பு என்கிறார்கள். அமெரிக்காவின் சதர்ன் பாப்டிஸ்ட் சபைகள் 2014இல் போட்ட தீர்மானம் இதே நிலைப்பாடுதான். திருநர்களைத் துன்புறுத்துவதை அதே தீர்மானம் கண்டிக்கவும் செய்கிறது.

தியாலஜி_மாணவி:
எபெனேசர் அண்ணன், ஆதியாகமம் 1இலேயே நின்றுவிட்டால் எப்படி? "விதையடிக்கப்பட்டவனும், கோசமறுக்கப்பட்டவனும் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது" என்று உபாகமம் 23:1 கதவை அடைக்கிறது. ஏசாயா 56 அதே ஆட்களைப் பார்த்து, குமாரருக்கும் குமாரத்திகளுக்கும் உள்ளதைவிட உத்தமமான இடத்தையும் நித்திய நாமத்தையும் தருவேன் என்கிறது. அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய மந்திரி, அவரும் ஓர் அண்ணகர்தான், அதாவது விதையடிக்கப்பட்டவர்தான், "இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்று கேட்கிறார். பிலிப்பு உபாகமத்தைப் புரட்டிக்கொண்டிருக்கவில்லை, தண்ணீரில் இறங்கிவிட்டார்.

325இல் நிக்கேயா சங்கம் கூடியது விசுவாசப் பிரமாணத்துக்காக மட்டும் என்று நினைக்கிறோம். அதன் முதல் விதியே அண்ணகர்களைப் பற்றியதுதான்! நோயாலோ, காட்டுமிராண்டிகள் கையாலோ, எஜமான் கையாலோ அப்படி ஆனவர் குருவாகத் தொடரலாம், தானே அறுத்துக்கொண்டவர் தொடரக் கூடாது என்று பிரித்துச் சொன்னார்கள். ஆணுமில்லை பெண்ணுமில்லை என்று ஊர் சொன்னவர்கள் சபையில் முதலிலிருந்தே இருந்திருக்கிறார்கள்.

எபெனேசர்_பாளை:
தங்கச்சி, நிக்கேயாவை எடுத்ததற்கு நன்றி, அது என் பக்கம்தான் பேசுகிறது. தனக்கு நேர்ந்தது வேறு, தானே செய்துகொண்டது வேறு என்றுதானே விதி? ஏசாயாவின் அண்ணகர் தன்னைப் பெண் என்று சொல்லிக்கொள்ளவில்லை. எத்தியோப்பியரும் ஆணாகவேதான் இரதத்தில் போகிறார், ஆணாகவேதான் திரும்பிப் போகிறார். ஞானஸ்நானத்துக்கு ஆதாரம் காட்டுகிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். அதை அடையாள மாற்றத்துக்கு ஆதாரமாக நீட்டுவதுதான் பிரச்சினை.

ஜான்_ரியாத்:
இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த கலாச்சாரம். நம்ம ஊர்ல இது கிடையாது.

நிலா_மரியாள்:
ஜான் பிரதர், கூவாகம் எந்த நாட்டில் இருக்கிறது? 2008இலேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது எந்த மாநில அரசு?

டாக்டரம்மா:
எல்லாரும் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறீர்கள், இரு தரப்பும்தான். குரோமோசோமிலோ ஹார்மோனிலோ உறுப்பிலோ பிறவி வேறுபாடு உள்ள இடையிலிங்கம் ஒன்று. உடலில் அப்படி எந்த வேறுபாடும் இல்லாமலே தன் பாலினத்தை வேறாக உணர்வது இன்னொன்று. பெரும்பாலான திருநர்களுக்குப் பரிசோதனையில் எந்த இடையிலிங்க நிலையும் தெரிவதில்லை. அதனால் "இடையிலிங்கம் இருக்கிறதே, எனவே ஆண் பெண் என்பதே இல்லை" என்ற வாதம் தாவல். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் பாலின முரணுணர்வை மனநோய்ப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டது என்பதால் "இது வெறும் மனக்கோளாறு" என்று தள்ளுவதும் சரியில்லை.

எண்ணிக்கைச் சண்டையும் அப்படித்தான். ஒரு தரப்பு 1.7 சதவீதம் இடையிலிங்கம் என்னும், மறு தரப்பு 0.018 என்னும். பிந்தித் தெரியும் அட்ரீனல் குறைபாடு, டர்னர், கிளைன்ஃபெல்ட்டர் என்ற பாலினக் குரோமோசோம் வேறுபாடுகள் எல்லாவற்றையும் சேர்த்தால் முதல் எண். பிறப்புறுப்பைப் பார்த்துச் சொல்ல முடியாதவர்கள், குரோமோசோம் ஒன்று தோற்றம் ஒன்றாக இருப்பவர்கள் என்று சுருக்கினால் இரண்டாவது எண். பிரசவ அறையில் "என்ன குழந்தை?" என்று கேட்டு நிற்கும் தகப்பனுக்கு இரண்டும் உதவாது.

உபதேசியார் அண்ணா, நீங்கள் சொன்ன 2024 ஆவணமே பிறப்புறுப்புக் குறைபாட்டுக்குச் சிகிச்சை பெறுவதைப் பாலின மாற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று விலக்கு கொடுக்கிறது. எனக்கு உறுத்துவது வேறு. பச்சைக் குழந்தைக்கு 'சரிசெய்யும்' அறுவை சிகிச்சை வேண்டாம் என்று 2019இல் உயர் நீதிமன்ற மதுரை அமர்வு சொல்லி, தமிழ்நாடு அரசு உயிராபத்து இல்லாத வேளைகளில் அதைத் தடை செய்தது. இந்தியாவில் முதல் மாநிலம் நாம்தான். படைத்த உடலை மதிக்கவேண்டும் என்று பிரசங்கம் பண்ணுகிற சபைகள் கொண்டாடியிருக்க வேண்டிய ஆணை அது. என் காதுக்கு ஒரு பிரசங்கமும் எட்டவில்லை.

எபெனேசர்_பாளை:
அது நியாயமான கேள்வி டாக்டரம்மா. நாங்கள் பேசியிருக்க வேண்டும்தான்.

கோட்டாறு_உபதேசியார்:
நான் கேட்டதற்கு நானே ஒரு பதில் வைக்கிறேன். 2015இல் ஸ்பெயினின் காதிஸ் மறைமாவட்டத்தில் ஒரு திருநம்பி ஞானத்தந்தையாக நிற்கக் கேட்டபோது வத்திக்கான் முடியாது என்றது. 2023இல் "விவேகத்தோடு அனுமதிக்கலாம்" என்கிறது. கோட்பாடு அசையவில்லை, வாசலில் நிற்பவரை நடத்தும் விதம் அசைந்திருக்கிறது. ஒரு செயலைத் தவறு என்று சொல்வதும், செய்தவரை ஞானஸ்நானத் தொட்டிவரை கூட்டிப்போவதும் ஒரே சபை செய்யக்கூடியதுதான். எல்லாப் பாவசங்கீர்த்தனத்திலும் அதுதானே நடக்கிறது?

தியாலஜி_மாணவி:
அண்ணே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் மனஸ்தாபம், அதாவது செய்த பாவத்துக்காக வருந்துவது, வேண்டும். திருநங்கையான நிலா அக்கா, தான் நிலாவாக இருப்பதற்கு மனஸ்தாபப்பட வேண்டுமா? அந்த 2023 ஆவணம் அதைத் தெளிவாகச் சொல்லாமல் "குழப்பம் உண்டாகக் கூடாது" என்ற வரியில் ஒளிந்துகொள்கிறது. யாருக்குக் குழப்பம் என்று யார் தீர்மானிப்பது? பங்குப்பேரவையா? இங்கிலாந்து திருச்சபை ஆயர்கள் 2018இல் நேராகச் சொன்னார்கள்: மாற்றத்துக்குப் பிறகு வருகிறவருக்கு, ஞானஸ்நான விசுவாசத்தை மீண்டும் உறுதிசெய்யும் ஆராதனை முறையைப் பயன்படுத்தலாம், புதுப் பெயர் சொல்லி அழைக்கலாம், மறுஞானஸ்நானம் கிடையாது. சி.எஸ்.ஐ.க்கும் ஒரு வேர் அங்கேதானே இருக்கிறது.

எபெனேசர்_பாளை:
அதே இங்கிலாந்து திருச்சபைக்குள் அதற்கு எவ்வளவு எதிர்ப்பு வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "நீங்கள் உங்களுடையவர்களல்ல" என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது ஆணுக்கும் பெண்ணுக்கும் திருநருக்கும் எனக்கும் ஒன்றுதான்.

நிலா_மரியாள்:
இவ்வளவு நேரம் என்னைப் பற்றிப் பேசினீர்கள், சரி. நான் பிறந்து வளர்ந்த சபையின் பெயர் வேண்டாம். அங்கே எனக்குக் குழந்தை ஞானஸ்நானம் கொடுத்தார்கள், திடப்படுத்தலும் ஆனது. புடவை கட்டிக்கொண்டு போன அன்று மூப்பர் ஒருவர் வெளியே திண்ணையில் உட்காரச் சொன்னார். திண்ணையில் ஒலிபெருக்கி நன்றாகவே கேட்கும். பிரசங்கம் நல்ல சமாரியனைப் பற்றி.

எபெனேசர் ஐயா, நீங்கள் மரியாதையாகப் பேசுகிறீர்கள், அதனால் கேட்கிறேன். உங்கள் சபைக்கு நான் வந்தால் என்ன செய்வீர்கள்? கொள்கை வேண்டாம், ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு என்ன நடக்கும் என்று சொல்லுங்கள்.

எபெனேசர்_பாளை:
சகோதரி, உள்ளேதான் உட்கார வைப்பேன். திண்ணையில் உட்கார வைத்தது பாவம், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. நீங்கள் சொல்லும் பெயரில்தான் கூப்பிடுவேன். ராப்போஜனம் (நற்கருணை) பற்றிச் சபைப் போதகரான ஐயரிடம்தான் கேட்க வேண்டும், நான் தடுக்க மாட்டேன். ஆனால் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ப்பதற்கோ, பெண்கள் பக்கம் உட்காருவதற்கோ சம்மதிக்க என் மனசாட்சி இடம் கொடுக்காது. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

நிலா_மரியாள்:
உண்மை சொன்னதற்கு நன்றி ஐயா. அப்படியானால் பட்டுப்புடவையும் பூவுமாக நான் ஆண்கள் பக்கம், உங்கள் பெஞ்சிலேயே உட்கார வேண்டும். எனக்குச் சம்மதம். பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று உங்கள் கமிட்டியில் கேட்டுச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறே வருகிறேன்.