சிஎன்சி ரவுட்டருக்கு எந்த ஸ்டெப்பர் டிரைவர் வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. மரமும் அக்ரிலிக்கும் வெட்ட மூன்று அச்சு சிஎன்சி ரவுட்டர் (கணினி வழி இயங்கும் வெட்டு இயந்திரம்) ஒன்றைச் சொந்தமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். மூன்று அச்சுக்கும் நெமா 23 அளவு ஸ்டெப்பர் மோட்டார் (சிறு சிறு படிகளாகச் சுற்றுவது). 3 ஆம்பியர், இண்டக்டன்ஸ் (சுருளில் கரன்ட் சட்டென்று மாறுவதைத் தடுக்கும் தன்மை) 1.6 மில்லிஹென்றி. அச்சை நகர்த்தும் பால் ஸ்க்ரூவின் பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) 5 மி.மீ. கன்ட்ரோலர், ஜிஆர்பிஎல் என்ற சிஎன்சி மென்பொருள் ஏற்றிய அர்டுயினோ ஊனோ போர்டு.

மோட்டாருக்குக் கரன்ட் கொடுத்து ஓட்டும் டிரைவர்களில் ஏ4988, டிஆர்வி8825 இரண்டும் இந்தக் கரன்டுக்குத் தாங்காது. மிச்சம் டிபி6600, டிஎம்542. இப்போதைக்கு எக்ஸ் அச்சில் மட்டும் டிபி6600 மாட்டி 24 வோல்ட்டில் ஓட்டிப் பார்க்கிறேன். மெதுவாகப் போகும்போது அருமை. நிமிடத்துக்கு 2500 மி.மீ.க்கு மேல் ஏற்றினால் மோட்டார் கீச்சென்று கத்துகிறது, ஸ்க்ரூ சுற்றாமல் வெறுமனே அதிர்கிறது. வோல்டேஜ் போதவில்லை என்றுதான் நினைக்கிறேன். மில்லிஹென்றியில் உள்ள இண்டக்டன்ஸின் வர்க்கமூலத்தை 32 ஆல் பெருக்கும் கணக்குப்படி பார்த்தால் 40 வோல்ட் வரை கொடுக்கலாம். அதனால் 36 வோல்ட் சப்ளையோடு டிஎம்542 பக்கம்தான் மனம் சாய்கிறது.

36 வோல்ட்டில் டிபி6600 மணிக்கணக்கில் ஓடினால் சூடு தாங்குமா? அப்புறம், மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்பை இன்னும் சிறிதாகப் பிரிப்பது) 1/8 வைத்தால் மி.மீ.க்கு 320 ஸ்டெப் வருகிறது. 1/16 போவதில் ஏதாவது பலன் உண்டா? இதே மோட்டாரை ஓட்டுபவர்கள் டிரைவரில் உள்ள டிப் சுவிட்சை (கரன்டும் மைக்ரோஸ்டெப்பும் அமைக்கும் குட்டி சுவிட்ச்) எப்படி வைத்திருக்கிறீர்கள் என்றும் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.